மரத்திலிருந்து விழுந்தவரும் வேலையில்தான் விழுந்தார்

நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு கிடைத்தவர்கள், வீட்டைப் பார்க்கப் போகும்போதே கொல்லையில் என்னென்ன மரம் நிற்கிறது என்றும் பார்த்துவிட்டு வருவார்கள். முன்பு குடியிருந்தவர் வைத்த தென்னை, மா, வேலியோரம் ஒரு பலா. 1956-இல் இங்கே நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்தே பழுப்பு நிலக்கரி தோண்டிய கைகள் மரமும் நட்டிருக்கின்றன. வைத்தவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விடுகிறார். மரம் நாற்பது, ஐம்பது அடி வளர்ந்து அடுத்தவருக்குக் காய்க்கிறது.

அந்தக் காயைப் பறிக்கவும் மட்டை கழிக்கவும், மழைக்கு முன் மின்கம்பியைத் தொடும் கிளையை வெட்டவும் ஓர் ஆள் ஏற வேண்டியிருக்கிறது. வடலூர்ப் பக்கமிருந்தும் பண்ருட்டிப் பக்கமிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் அவர் வருகிறார். ஒரு டி.வி.எஸ். 50, கயிற்றுச் சுருள், அரிவாள், இப்போது சிலரிடம் மெஷின் வாள். கூலி மரக் கணக்கு. ஒரு பிளாக்கில் ஐந்தாறு வீடு சேர்ந்தால்தான் அன்றைய பொழுதுக்குக் கட்டும்.

இதே ஊரின் சுரங்கத்துக்குள்ளோ அனல்மின் நிலையத்துக்குள்ளோ ஒருவர் உயரத்தில் ஏறினால் பணி அனுமதி, தலைக்கவசம், பாதுகாப்பு பெல்ட், மேற்பார்வையாளர் எல்லாம் உண்டு. விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்போ மாற்று ஏற்பாடோ வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. அப்படியும் விபத்து நடக்கத்தான் செய்கிறது. 2020-இல் மே மாதமும் ஜூலை முதல் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் அதற்கு விசாரணைக் குழு அமைந்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேள்வி கேட்டது, இழப்பீடு பற்றிய பேச்சு நடந்தது. கொல்லைத் தென்னையிலிருந்து விழுந்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. செய்தித்தாளில் இரண்டு வரி வரும். விதி என்றோ கவனக்குறைவு என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். அது ஒரு வேலை விபத்து. தடுக்கத்தக்கது, சட்டத்தில் இடமுள்ளது, காப்பீடு செய்யத்தக்கது. இதைப் பலரும் அறியாமல் இருப்பதால்தான் குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன. ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அந்த வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னை ஏறுபவர் இரு பாதங்களையும் ஒரு கயிற்றுத் தளையில் நுழைத்துக்கொள்கிறார். தளை மரத்தை இறுக்கிப் பிடிக்க, கைகளால் தண்டை அணைத்து உடம்பை மேலே இழுத்து, மறுபடி காலை மடக்கி உயர்த்துகிறார். பார்ப்பவருக்கு இந்த ஏற்றம்தான் பயமாகத் தெரியும். ஏறுபவரைக் கேட்டால் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆபத்து என்பார். அங்கே தளையை விட்டு, மட்டைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, ஒரு மட்டையின் அடியில் எடையைப் போட வேண்டும். எந்த மட்டை தாங்கும், எது கழன்று கையோடு வரும் என்பதைப் பன்னாடையின் நிறத்தையும் அடிமட்டையின் பிடிப்பையும் வைத்து ஒரு நொடியில் முடிவு செய்கிறார். காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ துளைத்த மரத்தில் மட்டை பச்சையாகவே இருக்கும். அடி மட்டும் உள்ளுக்குள் மக்கியிருக்கும். குருத்தழுகிய மரமும் அப்படியே. கீழே நிற்கும் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

பலா வேறு விதம். பண்ருட்டி வட்டாரத்தில் பத்து, இருபது கிலோ எடையுள்ள பழத்தை வெட்டித் தள்ளிவிட முடியாது, விழுந்தால் பிளந்து காசு போய்விடும். காம்பில் கயிற்றைக் கட்டி, மேல் கிளையில் ஒரு சுற்றுப் போட்டு, கீழே நிற்பவர் மெல்ல விடவிட இறக்க வேண்டும். காம்பை வெட்டும் கணத்தில் கிளை சட்டென்று லேசாகி மேலே எம்பும். பழம் இருந்த கிளையிலேயே நின்று வெட்டினால் அந்த எம்பல் ஆளைத் தூக்கிப் போடும். பலாப் பால் பட்ட கை வேறு பிசுபிசுக்கும். இலைக்கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பு கண்ணிலும் காதிலும் ஏறும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தட்டத்தான் மனம் போகும்.

மர வகை தெரிந்து ஏறுவது தனிக் கல்வி. புளியங்கிளை மெல்லியதாக இருந்தாலும் வளைந்து தாங்கும். முருங்கையும் நாவலும் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை அகலமாகப் பரந்து, தன் எடையாலேயே தளர்ந்து நிற்கும். பெரிய கிளையை மேலிருந்தே அறுத்தால் பாதியில் பட்டையோடு கிழிந்து, அடிமரத்தில் உட்கார்ந்திருப்பவர் மீதே திரும்பும். அதனால் அனுபவசாலி முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் மேலிருந்து அறுக்கிறார். மெஷின் வாள் வந்தபிறகு வேலை வேகமாகியிருக்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்து மறு கையால் வாளை ஓட்டும் பழக்கமும் அதனோடு வந்துவிட்டது. வாளின் நுனி ஒரு கணுவில் பட்டாலே அது பின்னால் உதைக்கும். மரத்தோடு கட்டிய ஒற்றைக் கயிற்றையும் அதே வாள் அறுத்துவிடக்கூடும். அறுக்கும்போது இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதனால்தான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்ததை இங்கே எல்லோரும் ஒரு கணக்காண்டுபோல் சொல்வார்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. டவுன்ஷிப்பின் நிழற்சாலைகள் ஒரே காலையில் வெட்டவெளியாயின. அதன் பிறகு வந்த வாரங்களில் மரம் அறுக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வாளைத் தூக்கினார்கள். சாய்ந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிட அபாயமானது. வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டில் இறுக்கம் தேங்கியிருக்கும், தவறான பக்கம் வெட்டினால் அது தெறிக்கும். வேர்த்தட்டோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண் சுமந்த வேர்த்தட்டு மறுபடி குழிக்குள் சாய்ந்து உட்காரும். அந்தக் குழிக்குள் யாராவது நின்றால் தப்ப முடியாது. அடுத்த புயலுக்கு நிவாரண அரிசியோடு சேர்த்து, இதைக் கற்றுக்கொடுக்கும் ஆளையும் அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

மின்சாரம் இன்னொரு எமன். ஈரப் பச்சைக் கிளையும் தென்னை மட்டையும் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத் தொரட்டியைச் சொல்லவே வேண்டாம். கம்பிக்கு அருகே வெட்டுவதானால் மின்பிரிவில் லைன் கிளியர் வாங்க வேண்டும். எல்.சி. வாங்காமல், சும்மா ஒரு மட்டைதானே என்று ஏறச் சொல்வது வீட்டுக்காரர் செய்யும் மிகப் பெரிய தவறு. கதண்டுக் கூடு இருக்கும் மரத்தையும் அப்படித்தான் தீயணைப்புத் துறைக்கு விட்டுவிட வேண்டும். கொட்டு வாங்கியவர் நாற்பதடி உயரத்தில் இருந்தால் விஷம் கொல்வதற்கு முன் விழுதல் கொன்றுவிடும்.

விழுந்தால் உடம்புக்கு என்ன ஆகிறது? முப்பது அடி உயரத்திலிருந்து தரையை அடைய ஒன்றரை நொடிகூட ஆகாது. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். மரத்திலிருந்து விழுபவர் பெரும்பாலும் காலூன்றியோ உட்கார்ந்த நிலையிலோ விழுகிறார். காலூன்றினால் முதலில் குதிகால் எலும்பு நொறுங்குகிறது. அந்த அடி அங்கே நிற்காமல் முழங்கால், இடுப்பு வழியாக ஏறி முதுகெலும்பைச் சேர்கிறது. விலா எலும்புகள் பிடித்து நிறுத்தும் மேல்முதுகும் வளைந்து கொடுக்கும் இடுப்பும் சந்திக்கும் இடம்தான் அதிகம் உடைகிறது. அங்கே ஒரு முள்ளெலும்பு நசுங்கி, அதன் சில்லு பின்னால் போய்த் தண்டுவடத்தை அழுத்தினால் இரு கால்களும், சிறுநீர், மலக் கட்டுப்பாடும் ஒன்றாகப் போய்விடும். குதிகால் உடைந்து வந்தவருக்கு முதுகையும் படம் எடுத்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கமானது இதனால்தான். கால் வலி பெரிதாகத் தெரிவதால் முதுகைப் பற்றி விழுந்தவரே சொல்லமாட்டார்.

இங்கேதான் அக்கம்பக்கத்தாரின் அன்பு ஆபத்தாக மாறுகிறது. நாலு பேர் ஓடிவந்து ஒருவர் அக்குளிலும் ஒருவர் காலிலுமாகத் தூக்கி, ஆட்டோவில் மடித்து உட்கார வைத்து ஓட்டுகிறார்கள். எலும்பு உடைந்தும் தண்டுவடம் தப்பியிருந்த ஒருவர், இந்தப் பயணத்தில் கால்களை இழக்கக்கூடும். விழுந்தவரை எழுப்பி உட்கார வைக்கக் கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இடத்தை மாற்றியே தீர வேண்டும் என்றால் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் உடம்பு முழுவதையும் கட்டையைப் புரட்டுவதுபோல் ஒருக்களித்து, அடியில் பலகையோ கதவோ செருகித் தூக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு வயிறு காலியாக இருப்பது நல்லது, மயக்கத்தில் புரையேறினால் உயிருக்கே மோசம்.

மருத்துவமனையில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு, அதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். பதிவில், எங்கே, யாருடைய வேலைக்காக ஏறியபோது விழுந்தார் என்று உள்ளது உள்ளபடி எழுதவைக்க வேண்டும். வழக்கு வந்துவிடும் என்று யாரோ பயமுறுத்த, சொந்த வீட்டு மாடியிலிருந்து விழுந்தார் என்று சொல்லிவிட்டால், பின்னால் எந்தச் சட்டமும் அந்தக் குடும்பத்துக்கு உதவுவது கடினம். சிகிச்சைச் செலவிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ சாலை விபத்துக்கு உரியது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு அது பொருந்தாது. அவருக்கு உதவக்கூடியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அந்த அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

தண்டுவடம் முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருவதுதான் கதையின் தொடக்கம். உணர்ச்சியில்லாத இடுப்பில் ஒரே பக்கம் படுத்தால் தோல் வெந்து படுக்கைப்புண் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், யாராவது திருப்பிப் போட வேண்டும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளாவிட்டால் தொற்று சிறுநீரகம்வரை போகும். விழுந்த அன்று தப்பியவர்களில் பலரை அதன்பின் கொல்வது இந்த இரண்டும்தான். கற்றுக்கொடுக்க நம்மிடமே இடங்கள் இருக்கின்றன. 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டார். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிகள் தேர்வில் உயரத்திலிருந்து குதித்தபோது கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். விழுந்தவரின் வாழ்வு முடிந்துவிட்டது என்று கைகழுவுவதற்கு முன் இந்த இரண்டு பெயரையும் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும்.

விழாதவருக்கும் காயம் உண்டு. ஆண்டுக்கணக்கில் மரத்தோடு உராய்ந்து மார்பும் முன்கையும் காய்ப்புக் காய்த்துவிடுகின்றன. தோள்மூட்டும் முழங்காலும் நாற்பது வயதுக்குள் தேய்கின்றன. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை அதே மரங்களில் ஏறியிறங்கும் பனையேறிக்கு இது இன்னும் அதிகம். 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், பனையிலிருந்து விழுந்தால் என்ன இறக்கினாய் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அடிபட்டவரே மறைக்க வேண்டிய நிலை.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. யாருக்கெல்லாம் அது பொருந்தும் என்ற அட்டவணையில் பனை சீவுவோரும் மரம் வெட்டுவோரும் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தார்கள். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே அடிப்படையை எடுத்துக்கொண்டிருக்கிறது. இதில் வேலை கொடுத்தவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் போதும். அவன் கவனமில்லாமல் ஏறினான் என்பது பதிலாகாது. குடித்திருந்தார், கொடுத்த பெல்ட்டை வேண்டுமென்றே கழற்றினார் என்பன போன்ற சில விலக்குகள் உண்டு. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அவையும் செல்லாது.

கணக்கு எளியது. மரணமென்றால் மாதக் கூலியில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனமென்றால் நூற்றுக்கு அறுபது. நாற்பது வயதுக்கான எண் 184.17. மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த நாற்பது வயதுக்காரர் இறந்தால் 11,05,020 ரூபாய். இரு காலும் செயலிழந்தால் 13,26,024 ரூபாய். கூலி எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 2020 முதல் மாதம் 15,000. மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கும் பத்தாயிரத்தையும் வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலிக்குச் சாட்சி மேஸ்திரியின் நோட்டும், இப்போது கைப்பேசியில் ஜிபே வழியாக வந்த பணமும். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு, தொழிலாளர் துறையை உடனே அணுக வேண்டும்.

ஒப்பந்தக்காரர் வழியாக நடக்கும் வேலையில் ஒரு விஷயம் முக்கியம். ஒரு நிறுவனம் தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்தில் விட்டாலும், இழப்பீட்டுப் பொறுப்பு முதன்மை முதலாளியையும் சேரும். அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரரைக் காணோம் என்று குடும்பத்தைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் ஒரு குடும்பத் தலைவர் தன் கொல்லைத் தென்னைக்கு ஆளை அழைத்தால் இந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது. நெய்வேலியில் நடக்கும் பெரும்பாலான மரமேற்றம் இந்த வகைதான். இங்கே முதல் துணை காப்பீடுதான். பிரதமரின் விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் எடுத்துக்கொண்டு, மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தருகிறது. தென்னை ஏறுபவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் கேர சுரக்ஷா இன்னும் பெரியது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது, தொழிலாளி கட்டுவது ஆண்டுக்கு 250 ரூபாய்க்கும் குறைவு, காப்பு 7 லட்சம் வரை. ஒரு வீட்டில் ஒரு நாள் வாங்கும் கூலியில் ஒரு வருடத்துப் பாதுகாப்பு அடங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.

ஏறும் கருவி வாங்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்துச் செம்பேரி ஜோசப் உருவாக்கிய, நின்றபடி மிதித்து ஏறும் கருவி பரவலாகப் புழங்குகிறது, உட்கார்ந்து ஏறும் வகையும் இருக்கிறது. வாரியம் 2011 முதல் அதற்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. ஏறும் உழைப்பை அது நன்றாகக் குறைக்கிறது. ஆனால் உச்சியில் மட்டைகளுக்குள் போகும் அந்தக் கட்டத்துக்குத் தனியாகப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். கிளைவிட்ட மாவிலும் பலாவிலும் கருவிக்கு வேலையே இல்லை, அங்கே கயிறும் முழு உடல் பெல்ட்டும்தான். ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பெல்ட்டில் தொங்கி நிற்பவரைச் சில நிமிடங்களில் இறக்காவிட்டால் கால்களில் ரத்தம் தேங்கி மயங்கிவிடுவார். அதனால் ஒற்றை ஆளை ஏறவிடக் கூடாது. ஏறி இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். கூலி கூடுகிறதே என்பவருக்கு வேறு வழி சொல்ல என்னிடம் இல்லை.

அமெரிக்காவில் மரம் ஏறுவோருக்கென்று தனிப் பாதுகாப்பு விதித்தொகுப்பு வந்தது 1972-இல். அதற்குக் காரணம் எத்தல் ஹக் என்ற தாய். 1967-இல் மரம் கழிக்கும் வேலையில் மகனை இழந்தவர், ஆளுநர்களுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். நம்மிடம் அப்படியொரு தொகுப்பு எழுதப்படும்வரை, கட்டிடத் தொழிலுக்கும் தொழிற்சாலைக்கும் உள்ள உயர வேலை விதிகளையாவது மரம் வெட்டும் டெண்டர்களில் சேர்த்துவிடலாம். பெல்ட், இரண்டாம் ஆள், எல்.சி., காப்பீட்டுச் சான்று இந்த நான்கும் இல்லாத ஒப்பந்தக்காரருக்கு வேலை இல்லை என்று ஒரு வரி போதும். பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு அறிந்த ஊர் முதலில் செய்யட்டும்.

அக்டோபரில் மழைக்கு முன் கிளை கழிக்கும் வேலை தொடங்கிவிடும். கேர சுரக்ஷா விண்ணப்பத்தில் வேளாண்மை அலுவலரோ ஊராட்சித் தலைவரோ சான்றொப்பம் இட வேண்டும். உங்கள் பிளாக்குக்கு வழக்கமாகக் காய் பறிக்க வருகிறவரிடம் அடுத்த முறை ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, அவர் கட்ட வேண்டிய தொகையை நீங்களே கட்டிவிடுங்கள்.